மூலம் எரிந்த பின்னும் ஒலிக்கும் கித்தார்

மிசிசிப்பி மாகாணத்துப் பருத்தித் தோட்டமொன்றில் டிராக்டர் ஓட்டி வந்த மக்கின்லி மோர்கன்ஃபீல்ட் என்ற கறுப்பின இளைஞர், 1941 ஆகஸ்டில், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக நாட்டுப் பாடல்களைச் சேகரித்த ஆலன் லோமாக்ஸும் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்து ஜோன் வொர்க்கும் கொண்டுவந்த இயந்திரத்தின்முன் பாடி, அது திருப்பிச் சொன்ன தமது குரலைக் கேட்டபோதுதான், தாமும் பாடகரே என்ற நிச்சயம் அவருக்கு உண்டாயிற்று. உலகம் பின்னாளில் மடி வாட்டர்ஸ் என்று அறிந்தவர் அவரே.

1943இல் சிக்காகோவுக்குக் குடிபெயர்ந்த அவர், மதுச்சாலைகளின் ஆரவாரத்தில் மரக் கித்தாரின் நாதம் அமுங்கிப்போகவே மின்கித்தாரை எடுத்தார். இத்தனை சாதாரண காரணத்திலிருந்து ஒரு சங்கீத சம்பிரதாயம் பிறந்தது விசித்திரந்தான். 1948இல் அரிஸ்டோகிராட் கம்பெனி வெளியிட்ட 'ஐ கான்ட் பி சாட்டிஸ்ஃபைட்' இசைத்தட்டைக் கேளுங்கள். விரலில் மாட்டிய குழாய் தந்திமீது வழுக்கிச் செல்ல, ஸ்வரத்துக்குச் சற்றுக் கீழே தயங்கி நின்று, பிறகு ஏறி, குரல் விட்ட இடத்தில் கித்தார் விடையிறுக்கும் அந்த நயம், கோட்டுவாத்தியக் கமகத்தில் பழகிய செவிக்கு அந்நியமாகப் படாது.

தோட்டத்துப் பதிவுகள் நெடுங்காலம் உறங்கிக் கிடந்து 1966இல் நெடுந்தட்டாகவும், 1993இல் முழுத் தொகுப்பாகவும் வெளிவந்தன. அரிஸ்டோகிராட், அதன் வாரிசான செஸ் ஆகிய கம்பெனிகளின் பதிவுகள் 1989இல் மூன்று குறுந்தட்டுகளாயின. மறுபதிப்பு என்பது பழைய சரக்குக்குப் புதிய உறை போடும் வியாபாரத் தந்திரம் என ஏளனம் செய்வோர் உண்டு. அவருக்கே பிடிக்காத 1968ஆம் வருஷத்து 'எலெக்ட்ரிக் மட்' தொகுப்பையும் விடாமல் விற்கிறார்களே, அந்த ஏளனம் முற்றிலும் பொய்யன்று. ஆயினும் 2008இல் ஹொலிவூட் யுனிவர்சல் வளாகத்தில் மூண்ட தீயில் செஸ் மூலநாடாக்களும் அழிந்தன என்று 2019இல் நியூயோர்க் டைம்ஸ் எழுதியதையும், சேதத்தின் அளவைக் கம்பெனி மறுத்ததையும் படித்த பின், பிரதி எடுத்து வைத்தவர்களை யாரும் பழிக்கத் துணியார். முதலில் வாங்கத்தக்கது 1993ஆம் வருஷத்துத் தொகுப்பே என்பது என் அபிப்பிராயம்.

திருகோணமலைக்கும் இவ்விஷயத்தில் சம்பந்தமுண்டு. பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் கித்தார் ஏந்தித் தமிழ்ப் பொப் பாடல்களை இசைத்தட்டில் ஏற்றியது இவ்வூரிலிருந்துதான். குச்சவெளி, இறக்கக்கண்டி, நிலாவெளி வீடுகளில், போர்க்கால இடப்பெயர்வுகளுக்கும் 2004ஆம் வருஷத்துக் கடற்கோளுக்கும் தப்பிய தட்டோ ஒலிநாடாவோ இருக்குமாயின், பூஞ்சணம் பிடித்ததென்று எறிந்துவிடாமல், உப்புக்காற்றுப் படாத இடத்தில் நிமிர்த்தி வைத்து, ஈழத்து ஆவணங்களைச் சேகரித்துவரும் நூலக நிறுவனத்தாருக்கு ஒரு வார்த்தை தெரியப்படுத்துங்கள்.