அணை உடைந்தால் யார் பொறுப்பு?

கம்பம், கூடலூர் பக்கம் முல்லைப் பெரியாறு அணைப் பேச்சு எடுத்தால் நீர்மட்டம் 142 அடியா, 152 அடியா என்றுதான் போகும். 'உடைந்தால் யார் பொறுப்பு?' என்று கேட்பது மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள். அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறில் குடியிருப்பவர் கேட்கத்தான் செய்வார். நாமும் கேட்க வேண்டிய கேள்வி அது.

வக்கீல்கள் 'லயபிலிட்டி' என்கிற சட்டப்பொறுப்பில் மிகப் பிரபலமான வழக்கே ஒரு நீர்த்தேக்கத்தால் வந்ததுதான். இங்கிலாந்தில், லங்காஷயரில், ரைலண்ட்ஸ் என்ற ஆலை முதலாளி நீர்த்தேக்கம் கட்டினார். 1860-இல் அந்தத் தண்ணீர் கைவிடப்பட்ட பழைய குழிகள் வழியே இறங்கி, பிளெட்சரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. வேலை செய்தது காண்டிராக்டர். ரைலண்ட்ஸ் மேல் தப்பில்லை. இருந்தும், ஆபத்தானதைத் தேக்கி வைத்தவரே நஷ்டத்தைக் கொடுக்க வேண்டும் என்று 1868-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

நம் பக்கம் அது செல்லவில்லை. கார்வேட்நகரம் ஜமீனின் ஏரிகள் பெருமழையில் உடைந்து மெட்ராஸ் ரயில்வேயின் பாலங்களைச் சேதப்படுத்தின. கம்பெனி வழக்குப் போட்டது. ஏரி இங்கே ஊர் பிழைக்க அவசியம், அதைக் காப்பது ஜமீனின் கடமை, கவனக்குறைவு இல்லாதவரை நஷ்டஈடு கிடையாது என்று 1874-இல் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. ஜமீன்தார் மேல் எனக்குப் பரிவில்லை. ஆனால் ஏரியை நம்பி வாழும் நாட்டில் ஒழுங்காகப் பராமரித்தாயா என்று பார்ப்பதுதான் நியாயம்.

இதே அளவுகோலோடு முல்லைப் பெரியாறுக்கு வருவோம். அந்த அணைக்கு 1886-இல் 999 ஆண்டுக் குத்தகை, 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய். 1970-இல் அது 30 ரூபாயானது. அணை நிற்பது கேரளத்தில். உரிமையும் பராமரிப்பும் தமிழகத்துடையவை. ஆகவே பராமரிப்பில் குறை என்றால் முதலில் நம்மைத்தான் பிடிப்பார்கள். அதனாலேயே, வேலை செய்யவிடாமல் தடுப்பவரையும் அந்தப் பொறுப்பில் சேர்க்காமல் விடக்கூடாது.

142 அடிக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் முதலில் பெரிய அணையை ஒட்டியுள்ள சிறிய 'பேபி அணை'யைப் பலப்படுத்த வேண்டும் என்பது 2006-இல் உச்ச நீதிமன்றம் வைத்த ஏற்பாடு. அதற்குக் குறுக்கே நிற்கும் 15 மரங்களை வெட்ட 2021 நவம்பரில் கேரள வனத்துறை அனுமதி தந்தது. சில நாளிலேயே அந்த உத்தரவை அங்குள்ள அரசு நிறுத்திவிட்டது. அடுத்த மாதமே அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி, ஒரு மாநிலத்தின் அணை இன்னொரு மாநிலத்தில் இருந்தால் கண்காணிப்பது தேசிய ஆணையம்.

தேனி மாவட்ட விவசாயச் சங்கங்கள் மறியலில் நீர்மட்டத்தோடு நிறுத்தாமல், மர அனுமதியையும் அணைக்குப் போகும் வல்லக்கடவுச் சாலையையும் எழுத்தில் கேட்கட்டும். மறுத்தால், மறுப்பும் எழுத்திலேயே வரட்டும்.