வேலை வழிகாட்டிப் பிரிவின் தரத்தைச் சோதிப்பது யார்?

ஒரு படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பெற்றோர் சேர்க்கையின்போதே விசாரித்துவிடுகிறார்கள். படிப்பு முடிந்ததும் வேலை தேட வழிகாட்டும் பிரிவு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. தன்விவரக் குறிப்பு எழுதப் பழக்குவது, நேர்முகத் தேர்வுக்குத் தயார்ப்படுத்துவது, தொழிலியல் பயிற்சிக்கு இடம் பிடித்துத் தருவது, நிறுவனங்களோடு தொடர்பு வைத்திருப்பது எல்லாம் இப்பிரிவின் வேலை. மலேசியாவில் இதன் தரம், படிப்புக்கு வழங்கப்படும் அங்கீகாரத்தின் ஓர் அங்கமாகவே சோதிக்கப்படுகிறது.

மெர்போக் வட்டாரத்தில்

எடுத்துக்காட்டாக, கெடாவில் மெர்போக்கைச் சுற்றி இரண்டு பல்கலைக்கழக வளாகங்கள் உள்ளன. மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கெடா கிளை மெர்போக்கிலேயே இருக்கிறது. பக்கத்தில் பீடோங்–செமெலிங் சாலையில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம். மலேசிய இந்தியர் காங்கிரசின் (ம.இ.கா.) கல்விக் கரமான எம்.ஐ.இ.டி. அதை 2001இல் தொடங்கியது. தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்பவர்களில் பலர் பி.டி.பி.டி.என். கல்விக் கடனை நம்பியிருப்பவர்கள். அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கே அந்தக் கடன் கிடைக்கும். படிப்பு முடிந்த பிறகு அதைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் உழைத்த குடும்பங்களில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைக்கு, அலுவலகங்களில் அறிமுகம் உள்ள உறவினர் அநேகமாக இருக்க மாட்டார். சுங்கைப் பட்டாணித் தொழிற்பேட்டைகளும் 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவும் வெகு தொலைவில் இல்லை. ஆனால், அங்கே எந்த வேலைக்கு எந்தத் தகுதி கேட்கிறார்கள், யாருக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதைச் சொல்ல ஆள் வேண்டும். அறிமுகம் உள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு வேலை வழிகாட்டிப் பிரிவு கூடுதல் வசதி. அறிமுகம் இல்லாதவருக்கு அதுவே ஒரே வாசல்.

அங்கீகாரம் வழங்கப்படும் முறை

மலேசியத் தகுதிகள் முகமை (எம்.கியூ.ஏ.) 2007 நவம்பர் 1ஆம் தேதி செயல்படத் தொடங்கியது. தேசிய அங்கீகார வாரியமும் உயர்கல்வி அமைச்சின் தர உறுதிப் பிரிவும் ஒன்றாக்கப்பட்டு இது உருவானது. புதிய படிப்பைத் தொடங்க முதலில் தற்காலிக அங்கீகாரம் பெற வேண்டும். முதல் அணி மாணவர்கள் இறுதியாண்டுக்கு வந்ததும் முழு அங்கீகாரத்துக்கான மதிப்பீடு நடக்கும். பல்கலைக்கழகம் தன்னைத் தானே ஆய்ந்து அறிக்கை தரும். மதிப்பீட்டாளர் குழு அதைப் படித்து, நேரில் வந்து, விரிவுரையாளர்களோடும் மாணவர்களோடும் பேசும்.

படிப்பு அங்கீகாரத்துக்கான நடைமுறை விதித்தொகுப்பின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பு ஏழு துறைகளில் தரத்தைப் பார்க்கிறது. மூன்றாவது துறை மாணவர் தேர்வும் ஆதரவுச் சேவைகளும். வேலை வழிகாட்டல் இடம்பெறுவது இங்கேதான், மற்ற மாணவர் நலச் சேவைகளோடு சேர்ந்து. ஏழாவது துறை, படிப்பைத் தொடர்ந்து கண்காணித்து மேம்படுத்துவது. முன்னாள் மாணவர், முதலாளிகள் ஆகியோரின் கருத்துக்கு இதில் இடம் உண்டு. தொழில்சார் படிப்புகளுக்கு அந்தந்தத் தொழில் அமைப்புகளின் விதிகளும் சேரும். பொறியியல் பட்டத்துக்குக் குறைந்தது எட்டு வாரத் தொழிலியல் பயிற்சி கட்டாயம். ஆலோசகர்களுக்கும் சட்டம் இருக்கிறது: 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்றவர் மட்டுமே ‘கவுன்சலர்’ என்று தம்மை அழைத்துக்கொள்ளலாம்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

பட்டமளிப்பு விழாவை ஒட்டி, ஒவ்வோர் ஆண்டும் உயர்கல்வி அமைச்சு பட்டதாரிகளின் நிலையைக் கேட்டறிகிறது. எஸ்.கே.பி.ஜி. எனப்படும் இந்த ஆய்வில் பட்டதாரிகள் ஐந்து பிரிவாகிறார்கள்: வேலையில் இருப்போர், மேற்படிப்பில் சேர்ந்தோர், திறன் பயிற்சி பெறுவோர், வேலையில் சேரக் காத்திருப்போர், வேலை கிடைக்காதோர். பல்கலைக்கழகங்கள் விளம்பரப்படுத்தும் வேலைவாய்ப்பு விகிதத்தில் முதல் நான்கு பிரிவும் அடங்கும். ஆகவே அந்த விகிதம் தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டினாலும், அத்தனை பேரும் படிப்புக்கேற்ற வேலையில் இருக்கிறார்கள் என்று ஆகாது. உயர்கல்வி பெற்றுப் பணியில் இருப்போரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர், தங்கள் தகுதிக்குக் கீழான வேலைகளைச் செய்கிறார்கள் என்கின்றன மலேசியப் புள்ளிவிவரத் துறையின் அண்மைக்காலக் கணக்குகள்.

பிரிட்டனில் இதே கேள்வி, படிப்பு முடிந்து சுமார் 15 மாதம் கழித்துக் கேட்கப்படுகிறது. அதற்குள் தற்காலிக வேலைகள் விலகி, பட்டதாரி எங்கே நிலைகொண்டார் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

பிற நாடுகளின் வழி

தகவலும் ஆலோசனையும் வழங்கும் சேவைகளுக்கென்றே பிரிட்டனில் 2002இல் ‘மேட்ரிக்ஸ்’ என்ற தரச்சான்று வந்தது. பல பல்கலைக்கழக வேலை வழிகாட்டிப் பிரிவுகள் அதைப் பெற்றுள்ளன. சேவையைப் பயன்படுத்தியவர்களிடமே மதிப்பீட்டாளர் பேசிப் பார்ப்பார். அமெரிக்காவில் 1979இல் அமைந்த உயர்கல்வித் தரநிலை மன்றம் வேறு வழியில் போகிறது. அது சான்று வழங்குவதில்லை. தரநிலைகளையும் சுயமதிப்பீட்டு வழிகாட்டியையும் வெளியிடுகிறது. இந்தியாவில் 1994இல் அமைந்த நாக் என்ற உயர்கல்வி அங்கீகார அமைப்பு, மாணவர் ஆதரவையும் முன்னேற்றத்தையும் ஏழு அளவுகோல்களில் ஒன்றாக வைத்து, வேலையில் அமர்ந்தோர் எண்ணிக்கையை ஆதாரத்தோடு கேட்டுவந்தது. அங்கேயே 2025 பிப்ரவரியில், நாக் ஆய்வுக் குழுவைச் சேர்ந்த சிலரை லஞ்சப் புகாரில் மத்தியப் புலனாய்வு அமைப்பான சி.பி.ஐ. கைது செய்தது. மதிப்பிட வருபவரின் நேர்மை கெட்டால் சான்றிதழுக்கு மதிப்பில்லை.

எதைக் கேட்டால் தரம் உயரும்

வேலைவாய்ப்புச் சந்தை எத்தனை நடந்தது என்று மட்டும் கேட்டால், படங்களும் வருகைப் பதிவும் கோப்பில் சேரும். முதலாண்டிலேயே எத்தனை மாணவர் இப்பிரிவை அணுகினர், ஓர் ஆலோசகருக்கு எத்தனை மாணவர், பயிற்சிக்குப் போன நிறுவனம் படிப்போடு பொருந்தியதா, ஓராண்டு கழித்துப் பட்டதாரி என்ன வேலையில் இருக்கிறார், அந்த விவரத்தைக் கொண்டு பாடத்திட்டத்தில் எது மாறியது என்று கேட்டால், பிரிவு தன் வேலையை மாற்றிக்கொள்ளும். இதற்குப் புதிய முகமை வேண்டியதில்லை. மூன்றாவது, ஏழாவது துறைகளில் இந்தக் கேள்விகளைத் தெளிவாகச் சேர்த்தாலே போதும்.

படிப்பு அங்கீகாரம் பெற்றதா என்பதை எம்.கியூ.ஏ.வின் தகுதிகள் பதிவேட்டில் யாரும் இணையவழி பார்க்கலாம். வேலை வழிகாட்டிப் பிரிவைப் பற்றிய கேள்விகளைப் பல்கலைக்கழகத்திடம்தான் கேட்க வேண்டும். வேலைவாய்ப்பு விகிதத்தை ஐந்து பிரிவாகப் பிரித்துத் தரச் சொல்வது அதற்கு நல்ல தொடக்கம்.