நாயும் வாலை ஆட்டுது, பூனையும் வாலை ஆட்டுது

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீங்க: "வீட்டுல பூனை இருக்கு, நாய் கொண்டு வரலாமா?" கொண்டு வரலாம். ஆனா நான் செஞ்ச மாதிரி செய்யாதீங்க.

எங்க வீட்டுப் பூனை மீனுவுக்கு 5 வயசு. தெருவில் அடிபட்டுக் கிடந்த ஒரு இளம் நாயை, காயம் ஆறினதும் நேரா கூடத்துக்குள்ளே கூட்டிட்டு வந்து விட்டேன். தானா பழகிக்கும்னு ஒரு நம்பிக்கை. ஒரே தாவலில் பரண்மேல ஏறின மீனு, 2 நாள் கீழே இறங்கல. சாப்பிடவும் இல்ல. கோவிச்சுக்கிட்டு இருக்கான்னு சிரிச்சிட்டு இருந்தேன். கால்நடை மருத்துவர் திட்டின பிறகுதான் புரிஞ்சது. பூனை, அதுவும் குண்டான பூனை, சேர்ந்தாப்போல சில நாள் பட்டினி கிடந்தா உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ப் படியும், உயிருக்கே ஆபத்து.

சரி, ஏன் இந்தச் சண்டை? நம்ம பேச்சுவழக்கில் ஜென்மப் பகைன்னா எலியும் பூனையும், இல்லேன்னா கீரியும் பாம்பும். நாய்க்கும் பூனைக்கும் நடப்பது பெரும்பாலும் பகை இல்லைங்க, பாஷைப் பிரச்சினை. நாய் உடம்பைத் தளர்த்தி வாலை ஆட்டினா, சந்தோஷம். பூனை வாலைச் சாட்டை மாதிரி இப்படியும் அப்படியும் வீசினா, "எரிச்சல் ஏறுது, தள்ளிப் போ"ன்னு அர்த்தம். நாய் முன்னங்காலைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி நின்னா விளையாடக் கூப்பிடுது. பூனைக்கு அது பாயத் தயாராகிற மாதிரிதான் தெரியும். உடனே ஓடும். ஓடுறதைக் கண்டா துரத்துறது நாயின் இயல்பு. அவ்வளவுதான், கூடமே ரணகளம்.

இந்தப் பாஷையை ரெண்டும் கத்துக்க முடியும் என்பதுதான் நல்ல செய்தி. டெல் அவீவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே வீட்டில் வாழும் நாய்களையும் பூனைகளையும் கவனிச்சு 2008-ல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. பூனை 6 மாசத்துக்குள்ளும் நாய் 1 வயசுக்குள்ளும் சேர்ந்தா உறவு நல்லா அமையுது. பூனை முதலில் வந்த வீடுகளில் இன்னும் நல்லா அமையுதாம். பூனைகள் மூக்கோடு மூக்கு வெச்சு நலம் விசாரிக்கும். பூனையோட வளர்ந்த நாய்களும் அதைச் செய்யுதுன்னு அவங்க பார்த்திருக்காங்க.

மீனுவுக்கு அந்த வயசு தாண்டிடுச்சு. அதனால முதல்லேர்ந்து ஆரம்பிச்சோம். நாய்க்குத் தனி அறை. ஒரு பழைய துண்டால நாயைத் துடைச்சு மீனு படுக்கிற இடத்துல போட்டோம். மீனுவைத் துடைச்ச துண்டு நாய்கிட்ட போச்சு. முகம் பார்க்கும் முன்னே வாசனை பழகட்டும்னு. அப்புறம் மூடின கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. மீனு அங்க நின்னு நிதானமா சாப்பிட ஆரம்பிக்கவே பத்து நாள் ஆச்சு. பிறகுதான் நேருக்கு நேர். நாய் கயிற்றில், மீனு அலமாரி உச்சியில். நாய் பூனையை முறைச்சுப் பார்க்காம நம்ம பக்கம் திரும்பினா ஒரு துண்டு கோழிக்கறி. பூனை ஏறிக்க உயரமான இடம் எப்பவும் வேணும். அது இல்லாத வீட்டுல இந்த முயற்சியே வேண்டாம்னு சொல்வேன்.

சாப்பாடு தனித்தனியா வைங்க. பூனைக்கு டாரைன் என்ற சத்து உணவிலிருந்தே கிடைச்சாகணும். நாய் உணவை மட்டுமே தின்னு வளர்ற பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். மலத்தொட்டி நாய்க்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். ஏன்னு கேட்காதீங்க, சாப்பிட்டுட்டு இருப்பீங்க.

இதை மட்டும் எழுதி வெச்சுக்கோங்க. நாயின் உண்ணிக்குக் கழுத்தில் விடுற சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கு. நாய் தாங்கிக்கும், பூனையின் கல்லீரலால் அதை முறிக்க முடியாது. மருந்து போட்ட நாயை உரசிப் படுத்தாலே பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம். வீட்டுல பூனை இருக்குன்னு மருத்துவரிடம் சொல்லிட்டு வாங்குங்க.

இப்ப 7 மாசம் ஆச்சு. ரெண்டும் கட்டிப்பிடிச்சு தூங்குற போட்டோ எல்லாம் என்கிட்ட இல்ல. காலையில கதவைத் திறந்ததும் நாய் தலையைத் தாழ்த்திக்கிட்டு நிற்கும். மீனு வந்து மூக்கை ஒரு தடவை தொட்டுட்டு, நேரா சமையலறைக்குப் போயிடுவா.