கம்பி வழியே – 14: பேசாதிருக்கத் தெரிந்த பெட்டி

சென்ற வாரம் ஒரே கட்டடத்துக்குள் கம்ப்யூட்டர்களைப் பிணைக்கும் ஈதர்நெட்டைப் பார்த்தோம். சுவரைத் தாண்டி வேறோர் ஊரிலுள்ள கிளை அலுவலகத்தோடு அதை இணைப்பதற்கு, அல்லும் பகலும் திறந்திருக்கும் குத்தகை லைனுக்குப் பணம் கட்டச் சக்தியில்லாத சிறு ஸ்தாபனங்கள், 1990களில் ஐரோப்பாவில், விசேஷமாக ஜெர்மனியில், நம்பியிருந்த சாதனம் ஐ.எஸ்.டி.என். ரௌட்டர்.

1989ல் ஹானோவர் ஸெபிட் கண்காட்சியில் மேற்கு ஜெர்மனித் தபால் இலாகா தொடங்கிவைத்த ஐ.எஸ்.டி.என். என்னும் டெலிபோன் சேவையில், சாதாரண டெலிபோனுக்குரிய அதே ஜோடிச் செப்புக் கம்பியில் விநாடிக்கு 64,000 பிட் சுமக்கும் 'பி' சேனல்கள் இரண்டும், அழைப்புச் சமிக்ஞைகளுக்கென 16,000 பிட் கொண்ட 'டி' சேனல் ஒன்றும் ஓடின. மோடம் கீச்சிட்டு இணைவதற்கு அரை நிமிஷம்கூடப் பிடித்த காலத்தில், இங்கே ஓரிரு விநாடிகளில் காரியம் கைகூடியதால், கிளையில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தவர், அதுவரை லைன் மூடிக்கிடந்ததையே உணரமாட்டார். வேலை மிகுந்தால் ரௌட்டர் இரண்டாவது சேனலையும் அழைத்து, 1994ல் வகுக்கப்பட்ட மல்டிலிங்க் பி.பி.பி. முறைப்படி 128,000 பிட்டாகச் சேர்த்துக்கொள்ளும். சிறிது நேரம் எதுவும் போகவில்லையென்றால் தானே துண்டித்துவிடும்.

இங்கேதான் சங்கடம் ஆரம்பமாகிறது. எந்தக் கம்ப்யூட்டர் எந்தப் பக்கத்தில் இருக்கிறதென்று ஈதர்நெட் விலாசத்தைக் கொண்டு கற்றுக்கொள்ளும், வலைகளை இணைக்கும் இன்னொரு வகைப் பெட்டியான பிரிட்ஜ், 'எல்லோருக்கும்' என்று வரும் அறிவிப்பைத் தடுக்காது அப்பால் அனுப்பிவிடும் ஸ்வபாவமுடையது. நாவெல் கம்பெனியின் மென்பொருளில் ஓடும் சர்வரோ 60 விநாடிக்கொருமுறை தன் இருப்பை ஊருக்கெல்லாம் பறைசாற்றுவது. ஆகவே, வடிகட்டி வைக்காத பிரிட்ஜ், அலுவலகம் பூட்டிய பிறகும் இரவெல்லாம் டயல் செய்துகொண்டிருக்கும். கட்டணமோ நேரக் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும்.

வலை விலாசத்தைப் படித்து வழிகாட்டும் ரௌட்டர் இவ்விஷயத்தில் சமர்த்து. பொது அறிவிப்புகளை எல்லையிலேயே நிறுத்துவதோடு, "இருக்கிறாயா?" என்று கிளையிலுள்ள கம்ப்யூட்டரைத் தலைமை அலுவலக சர்வர் விசாரிக்கும்போது, லைனைத் திறக்காமல், "இருக்கிறேன்" என்று அதன் சார்பில் தானே பதிலளித்துவிடும். ஸ்பூஃபிங் எனப்பட்ட இது, குற்றமற்ற நன்மை தரும் பொய்க்கு வள்ளுவர் அளித்த சலுகைக்குள் அடங்குவதே. அழைப்பவரின் எண் 'டி' சேனலில் முன்கூட்டியே வந்துவிடுவதால், தலைமை அலுவலகப் பெட்டி அழைப்பை ஏற்காமல், அதாவது கிளைக்குக் காசு செலவில்லாமல், எண்ணைச் சரிபார்த்துத் திரும்ப அழைப்பதும் உண்டு.

இரண்டு வலைகளை இணைக்க எந்தப் பெட்டியாலும் முடிந்தது. எது கெட்டிக்காரப் பெட்டி என்பதை டெலிபோன் பில்லே தீர்மானித்தது. இந்தச் சிக்கனத்துக்கே அவசியமில்லாமற் செய்த டி.எஸ்.எல். பற்றி அடுத்த வாரம் பார்ப்போம்.