குழாயில் வரும் மணல்

தமிழ்நாட்டில் பலருக்கு விசாகப்பட்டினம் கறுப்பு வெள்ளையில்தான் அறிமுகம். 1978-இல் வெளியான கே. பாலசந்தரின் ‘மரோ சரித்ரா’ தெலுங்கிலேயே சென்னையில் ஓடு ஓடு என்று ஓடியது. கமல்ஹாசனும் சரிதாவும் திரிந்த பாறைகளையும் ஈ காக்கை இல்லாத மணல்வெளியையும் இங்கேயும் பக்கத்துப் பீமிலியிலும் எடுத்தார்கள். அந்தத் தனிமையைத் தேடி இன்று மாலை நேரத்தில் ராமகிருஷ்ணா பீச்சுக்குப் போனால் உட்கார இடம் கிடைப்பதே பாடு. மணலில் குர்சுரா என்ற நீர்மூழ்கி கரையேறி நிற்கிறது. 1969-இல் கடற்படையில் சேர்ந்து, 2001-இல் ஓய்வு பெற்று, மறு ஆண்டே அருங்காட்சியகமான கப்பல். உள்ளே குனிந்து நெளிந்து போய், ஒடுங்கிய படுக்கைகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் கடற்காற்றின் அருமை தெரியும்.

எனக்கென்னவோ நீர்மூழ்கியைவிட அதைச் சுற்றியுள்ள மணல்தான் ஆச்சரியம். 1933-க்கு முன் கப்பல்கள் கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கு படகில் கரைக்கு வரும். டால்பின்ஸ் நோஸ் மலை கடலுக்குள் மூக்கை நீட்டி அலையை மறிப்பதைப் பார்த்து, அதன் பின்னாலிருந்த சதுப்பைத் தோண்டித் துறைமுகம் ஆக்கினார்கள். வாயை மணல் அடைக்காமலிருக்க, இரண்டு பழைய கப்பல்களில் கல்லை நிரப்பி அங்கேயே மூழ்கடித்தார்கள். கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். அதை மறித்தால் வடக்கேயுள்ள கரை இளைக்கும். எழுபதுகளில் வெளித்துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் வந்தபின் ராமகிருஷ்ணா பீச்சில் நடப்பதும் அதுதான். தூர்வாரிய மணலைக் குழாய் வழியே கரையில் கொட்டுகிறார்கள், அலை அள்ளிப் போகிறது, மறுபடியும் கொட்டுகிறார்கள். துறைமுகம் வந்தபின் மெரினா விரிந்து ராயபுரம் பக்கம் கடல் அரித்ததைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இது புரியாத கணக்கல்ல.

துறைமுக வாயையொட்டி அடுத்தடுத்து மூன்று குன்றுகள். ஒன்றில் மாதா கோயில், ஒன்றில் தர்கா, இன்னொன்றில் வெங்கடேஸ்வரர். தர்காவைக் கடக்கும் கப்பல்கள் கொடியை மூன்று முறை ஏற்றி இறக்கி வணங்கும் என்று பழைய மாவட்டக் கையேடுகள் எழுதிவைத்திருக்கின்றன. அந்த நாளில் குன்று என்றால் மாலுமிக்கு அடையாளம், ஊருக்குக் காவல். கீழே இருப்பது ‘ஒன் டவுன்’. குறுகிய தெருக்கள், குருபாம் மார்க்கெட், ஓட்டு வீடுகள். வெள்ளைக்கார அதிகாரிகள் காற்றுக்காக மேட்டிலுள்ள வால்டேருக்குப் போய்விட்டார்கள். சி.வி. ராமனின் தந்தை சந்திரசேகர ஐயர் ஏ.வி.என். கல்லூரியில் பாடம் நடத்தியது இந்த ஊரில்தான். ராமன் பள்ளி முடித்ததும் இங்கேதான். அப்போது, 1901-இல், ஊரில் இருந்தவர்கள் சுமார் 40,000 பேர். பிறகு கப்பல் கட்டும் தளம், கடற்படை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு, உருக்காலை என்று வரிசையாக வந்தன. 2011-இல் மாநகராட்சியின் மக்கள்தொகை 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது. வால்டேர் பங்களாக்கள் பல அடுக்குமாடிகளாகிவிட்டன.

குன்றுகளின் வேலையும் மாறிவிட்டது. கைலாசகிரிக்கு ரோப்காரில் ஏறினால் வளைந்து போகும் கரை முழுவதும் கண்ணில் விழும். அதில் எனக்குக் குறையில்லை. வடக்கே ருஷிகொண்டாவில் மலையையே செதுக்கிச் சொகுசு மாளிகைகள் கட்டினார்கள். அது வழக்காகவும் தேர்தல் பேச்சாகவும் ஆனது. யார் ஆண்டால் என்ன, வெட்டிய மலை வளராது. 2014 அக்டோபரில் ஹுத்ஹுத் புயல் ஒரே நாளில் மொட்டையடித்த சரிவுகளிலாவது மரம் திரும்ப முளைத்தது.

சாப்பாட்டில்தான் இந்த ஊர் அவ்வளவாக அசைந்து கொடுக்கவில்லை. அரக்குப் பக்கத்து மூங்கில் கோழி நகரத்து உணவகங்களுக்கு இறங்கி வந்திருக்கிறது. அங்கே தணலில் வாட்டிய மூங்கிலைப் பிளந்து சுடச்சுடத் தருவதன் ருசி இங்கே கொஞ்சம் குறைவுதான். காலையில் பெசரட்டு, மாலையில் நிலக்கடலைச் சட்னியோடு புனுகுலு என்பதில் மாற்றமில்லை. பீச்சில் முரி மிக்ஸ்சர்க்காரரின் கையைக் கவனியுங்கள். தகர டப்பாவில் பொரி, பொடியாக நறுக்கிய வெங்காயம், தக்காளி, வறுத்த கடலை, கொத்தமல்லி, மிளகாய்த்தூள், பிழிந்த எலுமிச்சை. கரண்டியால் நாலு தட்டு தட்டி, காகிதப் பொட்டலத்தில் கொட்டி நீட்டிவிடுவார். பொரி நமத்துப்போகுமுன் தின்றாக வேண்டும். அவித்த முட்டையைப் பிளந்து அதற்குள் இதே கலவையை அடைத்துத் தருவதும் உண்டு. வயிற்றில் இடமிருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள்; தக்காளி பஜ்ஜியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.