வெங்காரத்துக்கு வசப்படாத உலோகம்

2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3ஐ ஏந்திப் பறந்த எல்விஎம்3 ஏவுகலத்தின் மேல்கட்டத்துக்கு சி25 என்று பெயர். திருவனந்தபுரத்தை அடுத்த வலியமலையில் உள்ள திரவ உந்துவிசை அமைப்புகள் மையத்தின் பொறுப்பில் உருவானது அது. அதன் ஒரு தொட்டியில் −253 டிகிரி செல்சியஸ் குளிரில் திரவ ஹைட்ரஜன். இன்னொன்றில் −183 டிகிரியில் திரவ ஆக்சிஜன். தொட்டிகளின் சுவர், நூற்றுக்கு ஆறு பங்குக்குச் சற்று மேல் செம்பு கலந்த 2219 என்னும் அலுமினியக் கலப்புலோகம். இந்தத் தகடுகளை வெல்டிங் செய்துதான் இணைக்கிறார்கள். வழக்கமான பிரேசிங் இங்கே எடுபடாது.

வெல்டிங்கில் இணைக்க வேண்டிய விளிம்புகளே உருகும். பிரேசிங்கில் அவை உருகக் கூடாது. இடையில் வைத்த பற்றாசு மட்டும் உருகி இடுக்குக்குள் ஓட வேண்டும். அலுமினியத்துக்குப் பெரும்பாலும் பயன்படும் பற்றாசு, 12 சதவீதம் சிலிக்கான் கலந்த அலுமினியம். அது 577 டிகிரியில் உருகும். 2219 தகடோ 543 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். பற்றாசு அசைவதற்குள் தொட்டியே தொய்ந்துவிடும்!

கார் ரேடியேட்டர்களில் புழங்கும் 3003 கலப்புலோகம் 643 டிகிரி வரை தாங்குகிறது. ஆக, வேலை செய்யக் கிடைப்பது அறுபத்து சொச்சம் டிகிரி இடைவெளிதான். இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்கும் வழக்கமும் அலுமினியத்துக்குக் கிடையாது. பாலாடைக்கு அடியில் பால் கொதிப்பதுபோல, மேல்படலம் அப்படியே இருக்க உள்ளே உலோகம் உருகியிருக்கும். பிறகு திடீரென்று சரியும்.

அந்தப் படலம்தான் உண்மையான தடை. காற்றுப் பட்ட கணமே அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படர்ந்துவிடுகிறது. சில நானோமீட்டர் தடிமன்தான். ஆனால் அது உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். சுரண்டினால் உடனே மறுபடி மூடிக்கொள்ளும். ஆக்சைடைக் கரைக்கப் பொற்கொல்லர்கள் நம்பும் வெங்காரம் இங்கே உதவாது. அது உருகவே 743 டிகிரி வேண்டும். தூய அலுமினியம் 660லேயே உருகிவிடும்.

இதற்குக் கிடைத்த விடை எனக்கு அலுக்காத வியப்பு. பொட்டாசியம், அலுமினியம், ஃபுளூரின் சேர்ந்த உப்பு ஒன்று ஏறத்தாழ 565 டிகிரியில் உருகுகிறது. பற்றாசு உருகுவதற்குச் சற்று முன்னால் இது உருகிப் படலத்தைக் கலைத்துவிடும். வழி திறந்ததும் பற்றாசு பாய்கிறது. வெற்றிட உலையில் இந்த உப்பும் தேவையில்லை. சூடேறும்போது அலுமினியம் தன் படலத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விரிவதால் படலம் வெடிக்கிறது. பற்றாசில் கலந்த மக்னீசியம் ஆவியாகி, மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் நீராவியையும் பிடித்துக்கொள்ள, வெடிப்புகள் மூடுவதில்லை.

இதே போன்ற இணைப்பை 450 டிகிரிக்குக் கீழே செய்தால் அது சால்டரிங். உருகிய பற்றாசுக்குள் மீயொலி அதிர்வைச் செலுத்தினால் நுண்குமிழ்கள் தோன்றி நொறுங்கும்; அந்த அடியில் படலம் பெயரும். ஆனால் திருவனந்தபுரத்தின் சங்குமுகம், தும்பா போன்ற கடலோரத்தில் வெள்ளீயப் பற்றாசை நம்பக் கூடாது. உப்பு ஈரம் பட்டால் வெள்ளீயமும் அலுமினியமும் ஒரு மின்கலமாகி, அலுமினியம் அரிக்கப்பட்டு இணைப்பு பெயர்ந்துவிடும். மின்வேதிக் குணத்தில் அலுமினியத்துக்கு நெருங்கிய துத்தநாகப் பற்றாசு அங்கே நெடுநாள் நிற்கும். படலத்தைக் கலைக்கக் குளோரைடு கலந்த பிளக்ஸைப் பயன்படுத்தியிருந்தால், வேலை முடிந்த கையோடு சுடுநீரில் மிச்சமில்லாமல் கழுவிவிட வேண்டும்.