குறட்டை விடும் காளை

காரைக்காலின் கடைமடைக் கிராமங்களில் காளை நின்றபடியே குறட்டை விடுமாயின், அது உறக்கமன்று, நோய். மூக்கினுள் பூக்கோசு போலச் சதை வளர்ந்து, மூச்சு முட்டி, ஏர் இழுக்கமாட்டாது போய்விடும்.

இதன் மூலத்தைத் துலக்கியவர் நம்மவரே. சென்னை கால்நடை வைத்தியக் கல்லூரி 1903ல் தோன்றியது. அங்கு ஒட்டுண்ணி ஆராய்ச்சி செய்த அனந்த நாராயண ராவ், மூக்கின் இரத்தக் குழாயில் வாழும் புழுவை விவரித்துப் பெயரிட்டார்; கன்றுகளுக்கு நோயை ஏற்றியும் காட்டினார். அக்காலத்தில் வேறு இந்தியரும் இதில் உழைத்தனரென்பது உண்மை. எனினும் உலகெங்கும் விஞ்ஞானிகள் அப்புழுவின் பெயரோடு ‘ராவ், 1933’ என்று எழுதுவது வழக்கம். அந்நிய ஆட்சியில் பெற்ற இவ்வெற்றியை நாம் சிறிதென்று எண்ணோம்.

புழுவின் முட்டை மூக்குச் சளியோடு குளத்தில் விழுகிறது. அதிலிருந்து பொரித்த நுண்புழு தட்டையாய்ச் சுருண்ட நத்தையுட் புகுந்து பெருகுகிறது. பின் வெளிவந்து, நீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைக்கிறது. எருமையோ பெரும்பாலும் குறியொன்றும் காட்டாமலே முட்டையை இறைத்துவிடும், பொல்லாத விருந்தாளி!

இத்தனையும் தெரிந்து தொண்ணூறாண்டு கடந்தது. மருந்தும் உண்டு. ஆயினும் மருந்துண்ட மாடு மறுநாள் அதே குளத்தில் இறங்கினால் யாது பயன்? கொம்யூன் பஞ்சாயத்தார் கோடையில் குளங்களைத் தூர்வாரி நத்தையை அகற்றட்டும், வாத்துகளை மேயவிடட்டும், மாடு குடிக்கக் கரையிலே தொட்டி கட்டட்டும். ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடைக் கல்லூரி நடக்கிறது. அங்குள்ளோரை அழைத்து, நம் குளத்து நத்தைகளைச் சோதிக்கச் சொல்வதற்கு ஒரு கடிதம் போதும்.